பொம்மாதே!

காலையில் கண் விழித்ததும் கதவோரம் யாரோ மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து, கீழ்வரி (புருஷன் அவளுக்கு வைத்த செல்லப்பெயர்) வீடு அதிர ஒரு கத்து கத்தினாள்.

கோட்டுக்குள் ஆள் இல்லை. மாமியார் அதைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

"என்னம்மா, கரப்பான்பூச்சியா?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. மாமியார் நீச்சல் பயிற்சியாளர். குளத்தின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் இருப்பவர்களை விரட்டியே பழகிய தொண்டை. அவர் மெதுவாகப் பேசினாலே பக்கத்து வீட்டில் பதில் சொல்வார்கள்.

"ஒண்ணும் இல்ல அத்தை! கோட்டு!"

போன வாரம் ஒரு பெட்டியும் மூன்று மழைக்கோட்டுமாக அவர் வந்து இறங்கியது ஏன் என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ‘மஞ்சள் கலம்’ என்று ஒரு வெளிநாட்டுத் தொடர். விண்வெளியில் சரக்கு ஏற்றிப் போகிற ஓட்டைக் கப்பல் ஒன்று, அதற்கு ஒரு கேப்டன், அவனோடு ஓயாமல் மல்லுக்கு நிற்கும் எந்திரக்காரி. குழாயெல்லாம் ஒழுகுகிற கப்பல் என்பதால் ஆளாளுக்கு மஞ்சள் மழைக்கோட்டு. அதன் கடைசிப் பகுதியை இன்று சாயங்காலம் பெரிய தியேட்டரில் ரசிகர்களுக்காகத் திரையிடுகிறார்கள். டிக்கெட் கிடைத்த சேதி வந்த அன்று மாமியார், பயிற்சிக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் உடுத்திய துணியோடு குளத்தில் குதித்தாராம்.

கீழ்வரிக்கும் அவள் புருஷனுக்கும் பழக்கம் ஏற்பட்டதே இந்தத் தொடரால்தான். சேர்ந்துதான் பார்க்க வேண்டும், ஒருத்தரை விட்டுவிட்டு ஒருத்தர் பார்க்கவே கூடாது என்று கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம். ஒருமுறை அவன் வேலை விஷயமாக வெளியூரில் மாட்டிக்கொண்டான். தங்கின அறையில் கூட்டாளிகள் எல்லோரும் உட்கார்ந்து புதுப் பகுதியைப் பார்க்க, இவன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். பஞ்சு வழியாகவும் சத்தம் கேட்டுவிடுமோ என்று வாய்விட்டு எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் கீழ்வரி துரோகம் செய்திருந்தாள். துரோகம் என்பது அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்ட வார்த்தை. என்னைக் கேட்டால் கொஞ்சம் சின்ன வார்த்தையாகப் பார்த்துப் போட்டிருப்பேன்.

விஷயம் இதுதான். வேற்று மொழிப் படம் ஓடும்போது திரைக்கு அடியில் தமிழில் வரி வருமே, அதை எழுதுவது அவள் பிழைப்பு. அதனால்தான் புருஷன் அவளுக்குக் ‘கீழ்வரி’ என்று பெயர் வைத்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக் என்பதால் அவள் பதிலுக்கு அவனை ‘லிஃப்டு’ ஆக்கினாள். இந்தக் கடைசிப் பகுதிக்குத் தமிழ் எழுதும் வேலை, சொல்லி வைத்தாற்போல், அவளிடமே வந்து சேர்ந்தது. வீட்டு ஆட்களிடம்கூட மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

"இப்ப என்ன வேலை ஓடுது?" என்று லிஃப்டு கேட்டபோது அவள் வாயில் வந்தது, "திமிங்கலம்."

"திமிங்கலமா?"

"திமிங்கலத்தைப் பத்தி ஒரு படம். ரொம்ப நீளம்."

அன்றிலிருந்து அவன் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு உன் திமிங்கலம் என்ன சொல்லுது?" என்று ஆசையாகக் கேட்பான். அவளும் ஏதாவது சொல்லியாக வேண்டும். ஒருநாள் தப்பிக்க வழியில்லாமல், திமிங்கலத்துக்கு விக்கல் எடுத்தால் கூட்டமே நீந்துவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் என்று ஒரே போடாகப் போட்டாள். அவன் கண் கலங்கிவிட்டது.

இன்று காலை கண்ணாடி முன்னால் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் பின்னால் அவன் மஞ்சள் கோட்டோடு வந்து நின்றான். கோட்டு முட்டிக்கு மேலேயே நின்றது. கைகள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"அம்மாவுக்கு நான் இன்னும் எட்டாவது படிக்கிறேன்னு நினைப்பு. எப்படி இருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மனசுக்குள் திருட்டை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்பு வந்துவிடாது.

"ஏன் ஒரு மாதிரி இருக்கே? நான் என்ன பண்ணேன்? ஏய், பொம்மாதே."

அவள் பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

இந்த வார்த்தையை நீங்கள் எந்த அகராதியிலும் தேட வேண்டாம். கல்யாணமான புதிதில் ஏதோ உப்புப் பெறாத விஷயத்துக்குச் சண்டை வந்து, அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். சமாதானம் செய்ய வந்தவன், ‘உம்முனு இருக்காதே, பொம்மை மாதிரி இருக்காதே’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் போக, நாக்கு குழறி வெளியே விழுந்தது ‘பொம்மாதே’. அவள் சிரித்துத் தொலைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, பொம்முவதுதான் உண்டு. நிஜக் கோபத்துக்குப் பெயர் அதல்ல. மற்றவர் வந்து தோளைத் தொட வேண்டும் என்று காத்திருக்கும் கோபத்துக்கு மட்டும்தான் அந்தப் பெயர். உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த வார்த்தை.

அந்த வார்த்தையைத்தான், ஐயையோ, அவள் எழுதி வைத்துவிட்டாள்.

கடைசிக் காட்சியில் எந்திரக்காரி கோபித்துக்கொண்டு பதில் பேச மறுக்கிறாள். கேப்டன் வந்து அவர்கள் மொழியில் சின்னதாக ஒரு சொல் சொல்கிறான். ‘கோபித்துக்கொண்டு உட்காராதே’ என்று போட்டால் படித்து முடிப்பதற்குள் வரி மறைந்துவிடும். ‘கோபப்படாதே’ என்றால் ஏதோ அதட்டுவது போல இருக்கிறது. சரியான சொல் கிடைக்கும்வரை இடத்தை நிரப்பி வைப்போம் என்று ‘பொம்மாதே’ என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். திரும்பி வந்து மாற்றினாளா? எவ்வளவு யோசித்தும் மாற்றியதாக ஞாபகமே இல்லை.

வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் ஃபோனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். அவள் எழுதுவதையெல்லாம் பிழை பார்த்து அனுப்புகிற அக்கா ஒருவர் இருக்கிறார். அந்தச் சரிபார்ப்பு அக்காவுக்கு ஒற்றுப்பிழை என்றால் கொலைக்குற்றம்.

"அக்கா, கடைசிக் காட்சியில ஒரு வார்த்தை..."

"பொம்மாதே! அதுதானே? அதைப் பத்தி நானே பேசணும்னு இருந்தேன். எந்த ஊர்ப் பேச்சும்மா அது? எனக்குத் தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஆனா பாத்ததும் புரிஞ்சுது பாரு, அப்படியே விட்டுட்டேன்."

"விட்டுட்டீங்களா!"

"ஏன், தப்பா?"

கீழ்வரி தண்ணீர்த் தொட்டியின் மேல் சாய்ந்துகொண்டாள். எத்தனையோ நல்ல வார்த்தைகளைச் சிவப்புக் கோடு போட்டு அடித்துத் தள்ளிய அக்கா, இந்த ஒன்றைப் போய்த் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கிறார்.

"மாத்த முடியுமா அக்கா?"

"தியேட்டருக்குப் போன பிரதி போயாச்சும்மா. அதைத் தொட முடியாது. வீட்டு டிவிக்கு வர்றது அடுத்த வாரம்தான், அதுல வேணா மாத்திடலாம். சாயந்திரத்துக்குள்ள சொல்லு."

ஆக, இன்று தியேட்டரில் அந்த வரி வரும். லிஃப்டு பார்ப்பான். பார்த்த மறு விநாடி, யார் எழுதியது, யார் தன்னை விட்டுவிட்டு முடிவைப் பார்த்தது, திமிங்கலம் என்பது என்ன எல்லாம் அவனுக்கு விளங்கிவிடும். மற்றவர்களுக்கு அது ஒரு வரி. அவனுக்கு அது அவள் போட்ட கையெழுத்து.

மாடிப்படி இறங்கும்போதே சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்தாள். கையெழுத்தாவது ஒன்றாவது! ஆனால் கூடத்துக்கு வந்தால் அவன் கோட்டைக் கழற்றிவிட்டு வேலை உடுப்பில் நின்றுகொண்டிருந்தான்.

"லீவு போட்டிருந்தேனே, பாரு! இன்னிக்கு டியூட்டியில இருக்கறவனுக்குக் காய்ச்சல். வரிசையா மூணு இடத்துல லிஃப்ட் மாட்டிக்கிட்டுக் கிடக்குது. மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டு நேரா தியேட்டர் வாசலுக்கு வந்துடறேன்."

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

மாமியார் கையில் இருந்த ரொட்டித் துண்டைக் கீழே வைத்தார். "இந்தா, எனக்காக வாங்க போங்கன்னு மாத்திப் பேசாதே. நான் இல்லாதப்போ நீ வாடா போடான்னு கூப்பிடறது எனக்குத் தெரியும். நேத்து குளியலறையில இருந்து கேட்டேன்."

கீழ்வரிக்கு முகம் சிவந்தது. லிஃப்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு, "சாயந்திரம் சொல்லு," என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அவன் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாமியாரும் மருமகளும் சாயங்காலம் தியேட்டருக்குப் போனார்கள். போகிற பஸ்ஸிலேயே நாலு மஞ்சள் கோட்டு. தியேட்டர் வாசலிலோ கண்ணுக்கு எட்டியவரை மஞ்சள். வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது, மழைக்கு அறிகுறியே இல்லை, அத்தனை பேரும் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தார்கள். அதைப் பற்றி யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அட்டையில் செய்த கப்பல் முன்னால் நின்று ஜோடி ஜோடியாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பல் டாக்டர் கேப்டன் வேஷத்தில் வந்து, தன் மனைவியோடு மூன்றாம் பாகத்துச் சண்டையை வசனம் மாறாமல் போட்டுக் காட்டினார். அவ்வளவும் கீழ்வரிக்கும் மனப்பாடம். வேறொரு நாளாக இருந்தால் அவள் கால் தரையில் பாவியிருக்காது.

மாமியார் எல்லோரிடமும், "கேப்டன் சாவானா, மாட்டானா?" என்று விசாரித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மருமகள் பக்கம் திரும்பினார். "நீ என்ன நினைக்கிற?"

"எனக்கு... எனக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"தெரியுமான்னா கேட்டேன்? நினைப்பைத்தானே கேட்டேன்."

உள்ளே விடுவதற்கான மணி அடித்தபோது ஃபோன் வந்தது. பின்னால் யாரோ கதவை இடிக்கும் சத்தத்துக்கு நடுவே லிஃப்டின் குரல் கேட்டது.

"இங்க ஒருத்தர் பியானோவோட உள்ள மாட்டிக்கிட்டார். பியானோவை நகத்தினாத்தான் கதவு திறக்கும், கதவு திறந்தாத்தான் பியானோ நகரும். முடியும்னு தோணல. நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் அடுத்த வாரம் வீட்டுல பாத்துக்கறேன்."

கீழ்வரி பையில் இருந்த அவன் கோட்டைப் பார்த்தாள்.

"ஒப்பந்தம்லாம் யோசிக்காதே. நானேதானே சொல்றேன், பாத்துட்டு வா. எங்கிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாதே."

வாசகர்களே, பழம் நழுவிப் பாலில் விழுவது என்றால் இதுதான். அவன் இன்று வரவில்லை என்றால் அந்த வரியைப் பார்க்கப்போவதில்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த வாரம் வீட்டில் ‘கோபப்படாதே’ என்று சாதுவாக ஒரு வரி வந்துவிட்டுப் போகும். அவளும் முடிவை இன்றுதான், அவன் சம்மதத்தோடுதான் பார்த்தாள் என்று ஆகிவிடும். எல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடும். ‘சரி’ என்று ஒரு சொல் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அவள் ‘ச’ வரைக்கும் போனாள். அப்போது அவன் பின்னால் திரும்பி யாரிடமோ, "என் வீட்டுக்காரி இருக்காளே, அவகூடப் பாக்கலன்னா எனக்கு எதுவும் பாத்த மாதிரியே இருக்காது சார்," என்று சொல்வது கேட்டது. பியானோக்காரரிடம் போலும்.

"நீ வராம நான் உள்ள போக மாட்டேன்டா!" என்றாள் கீழ்வரி. "பியானோவைத் தலைகீழா நிறுத்துவியோ, என்ன பண்ணுவியோ, வந்து சேரு. உன் கோட்டு எங்கிட்டத்தான் இருக்கு."

ஃபோனை வைத்தபிறகுதான் பக்கத்தில் மாமியார் நிற்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இப்பத்தான் பேச்சு காதுக்கு நல்லா இருக்கு," என்றார் மாமியார்.

அவன் வந்தபோது வாசலில் இவர்கள் இரண்டு பேரும் டிக்கெட் கிழிப்பவரும்தான் நின்றிருந்தார்கள். முழங்கை வரை கறுப்பு மசி. மூக்கிலும் ஒரு கோடு. ஓடிக்கொண்டே கோட்டுக்குள் கையை விட்டான். இருட்டில் தட்டுத் தடுமாறி மூவரும் இடத்தைப் பிடிக்க, கீழ்வரி அவன் காதருகே குனிந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"உஷ்ஷ்ஷ்," என்றது முன் வரிசை, பின் வரிசை, பக்கத்து வரிசை. படம் ஆரம்பித்துவிட்டது.

படம் எப்படி இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை, பார்க்காதவர்கள் சண்டைக்கு வருவீர்கள். அரங்கம் சிரித்தது, கத்தியது, ஒரு இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மாமியார் கேப்டனுக்கு, "இடது பக்கம் திரும்பு!" என்று வழி சொன்னார். கீழ்வரியோ வரிகள் ஒவ்வொன்றாக வர வர, அந்த ஒரு வரிக்கு இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. எந்திர அறையில் எந்திரக்காரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மேலே குழாய் வெடித்து, அறைக்குள் மழையாகக் கொட்டியது. அவள் மேல் கோட்டு இல்லை. கேப்டன் தன் மஞ்சள் கோட்டைக் கழற்றி அவள் தலைமேல் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நின்றான்.

கீழ்வரி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுகை லிஃப்டின் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கியது. கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

திரையில் கேப்டன் குனிந்தான். உதடு அசைந்தது. கீழே, வெள்ளை எழுத்தில், வந்தது.

பொம்மாதே.

ஒரு கணம் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு எந்திரக்காரியின் தோள் மெல்லக் குலுங்கியது, அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது, அரங்கத்துக்கு அந்த வார்த்தையும் விளங்கிவிட்டது. முதலில் எங்கோ ஒரு சிரிப்பு, அப்புறம் ‘ஆ’ என்று ஒரு பெருமூச்சு, அப்புறம் கைதட்டல். பின்வரிசைப் பெண் ஒருத்தி தன்னோடு வந்தவனிடம், "நீயும் இப்படித்தான் பொம்முவே," என்றாள். பிறந்து ஐந்து நொடிகூட ஆகவில்லை, அதற்குள் வார்த்தை இன்னொரு வீட்டில் குடியேறிவிட்டது.

லிஃப்டு கையை உருவிக்கொண்டான். அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு உடம்பை அந்தப் பக்கமாகத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

விளக்கு எரிந்தது. "சாகல! நான்தான் சொன்னேனே, சாகல!" என்று மாமியார் முன்பின் தெரியாதவர்களையெல்லாம் கட்டிப் பிடித்துக்கொண்டே அட்டைக் கப்பலைப் பார்க்கப் போனார். அரங்கம் காலியானது. இவர்கள் இருவர் மட்டும் மஞ்சளாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்போ திமிங்கலம்?" என்றான் சுவரிடம்.

"திமிங்கலமே இல்ல."

"விக்கல்?"

"நானா சொன்னது."

"வேலை இடம் பூரா சொல்லிட்டேன். மேனேஜர் அவர் பொண்ணுகிட்ட சொல்லி, அது வகுப்புல சொல்லி, டீச்சர் கைதட்டினாங்களாம்."

இதற்குச் சிரிக்கலாமா கூடாதா என்று கீழ்வரிக்குத் தெரியவில்லை. "கையெழுத்து வாங்கிட்டாங்கடா. உன்கிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு. நீ பஞ்சை வச்சுக்கிட்டு மாடிப்படியில உட்காந்தே, நான் உனக்குத் தெரியாம முடிவைப் பாத்துட்டேன். இத்தனை நாளா நெஞ்சுல கல்லு மாதிரி கெடந்துச்சு. மன்னிச்சிடு."

"வேலைன்னா வேலைதான். அதுக்கா கோபம்?" அவன் திரும்பினான். கண் சிவந்திருந்தது. "உனக்கு எப்பவாவது தெரியுமா, நான் டிவியைப் பாக்கறதைவிட உன்னைப் பாக்கறதுதான் அதிகம். கேப்டன் மாட்டிக்கிட்டா உன் கை சில்லுனு ஆயிடும். எந்திரக்காரி திட்டினா உன் கால் ஆடும். கடைசியில உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன். அதுக்குத்தான் பியானோவை ஒத்தை ஆளா தூக்கி வச்சுட்டு ஓடி வந்தேன். அந்த மூஞ்சியைப் பாத்துட்டேன்னு நினைச்சேன். வாயைப் பொத்திக்கிட்டே, அழுதே. அந்த வரியைப் பாத்ததும்தான் புரிஞ்சுது, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே எனக்காக நடிச்சிருக்கே."

"நடிக்கல."

"தெரிஞ்ச முடிவுக்கு யாராவது அப்படி அழுவாங்களா?"

"எனக்கு வசனம்தானேடா தெரியும், காட்சி எங்க தெரியும்!" என்று அவள் கத்திவிட்டாள். பெருக்க வந்தவர் திரும்பிப் பார்த்தார். "எங்களுக்குப் படத்தை அப்படியேவா குடுப்பாங்க? யாராவது திருடிடுவாங்கன்னு மொத்தத்தையும் கறுப்பாக்கி, பேசற வாயை மட்டும் ஒரு வட்டத்துக்குள்ள காட்டுவாங்க. நான் பாத்தது ரெண்டு உதடு. கோட்டு வந்ததோ, அவன் நனைஞ்சதோ, எனக்கு எதுவும் தெரியாது. சத்தம் மட்டும் சொய்யுனு கேட்டுச்சு, என் ஹெட்ஃபோன்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். மழைன்னு இன்னிக்குத்தான் தெரியும். உன் பக்கத்துல உட்காந்துதான் தெரியும்."

லிஃப்டு அவளையே பார்த்தான். மணிக்கட்டைத் திருப்பினான். அவள் நகம் பதிந்த நாலு பிறைகள் மசிக்கு நடுவே சிவப்பாக இருந்தன.

"அப்போ இது நெஜமா?"

"வலிக்குதா?"

"ரொம்ப," என்றான் சந்தோஷமாக. பிறகு கொஞ்சம் தயங்கினான். "ஆமா, அந்த நேரத்துல நான் உன்னைத்தான் பாத்தேன், திரையில அந்த எழுத்து மட்டும்தான் கண்ணுல பட்டுச்சு. கோட்டுன்னியே, என்ன பண்ணான் கேப்டன்?"

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். தன் கோட்டைக் கழற்றி அவன் தலைமேல் பிடித்துக் காட்டினாள். தொடரின் முடிவை அந்தத் தியேட்டரில் கடைசியாகப் பார்த்தவன் அவன்தான்.

"இனிமே பொய் மட்டும் வேண்டாம்," என்றான் எழுந்தபடி. "சொல்ல முடியாத வேலைன்னா, சொல்ல முடியாதுன்னு சொல்லு. நான் கேக்கவே மாட்டேன்."

கை கோத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். கூட்டம் கலையவே இல்லை. படியெல்லாம் மஞ்சளாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் தன் மனைவியைப் பார்த்துப் பொம்மாதே, பொம்மாதே என்று உருகிக்கொண்டிருந்தார். மாமியார் அட்டைக் கப்பலின் மேல்தட்டில் ஏறியே நின்றிருந்தார்.

கீழ்வரியின் ஃபோன் அடித்தது. சரிபார்ப்பு அக்கா.

"உன் வார்த்தையை வீட்டுப் பிரதியிலயும் மாத்தவே கூடாதுன்னு மேலிடத்துலயே சொல்லிட்டாங்க. அது மட்டும் இல்ல. நல்லாக் கேட்டுக்கோ, இது பரம ரகசியம். தொடர் முடியல. அடுத்த பாகம் எடுக்கறாங்க. அதையும் நீதான் எழுதணுமாம். வழக்கம் போல வீட்டுல யாருக்கும் தெரியக் கூடாது. சரின்னு சொல்லவா?"

கீழ்வரி பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள். அவன் அவள் பையில் கையை விட்டுக் கைக்குட்டை தேடிக்கொண்டிருந்தான், மூக்கு மசியைத் துடைக்க.

இந்தத் தடவை அவள் ‘ச’ என்றுகூட ஆரம்பிக்கவில்லை.

"முடியாது அக்கா," என்றாள், நன்றாக, நிமிர்ந்து, உரக்க. "என் வீட்டுக்காரர்கிட்ட இன்னொரு தடவை என்னால பொய் சொல்ல முடியாது. அடுத்த பாகத்தை நான்தான் எழுதறேன்னு அவருக்குத் தெரியணும். அப்படின்னாத்தான் எழுதுவேன், இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லுங்க."

சொல்லி முடித்து, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள். வாழ்க்கையில் இவ்வளவு நேர்மையாக அவள் எப்போதும் பேசியதில்லை. அந்த நிம்மதியில் ஒரு நொடி ஆகாயத்தில் மிதந்தாள். அதற்கடுத்த நொடிதான் அவள் என்ன சொன்னாள் என்பது அவள் காதிலேயே விழுந்தது.

லிஃப்டின் கை பைக்குள்ளேயே உறைந்திருந்தது. அவன் வாய் திறந்திருந்தது. ஆனால் அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கேட்கவே மாட்டேன் என்றவன், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." என்று எண்ணத் தொடங்கினான்.

கேட்டவர் வேறொருவர். அட்டைக் கப்பலின் மேல்தட்டிலிருந்து, குளத்தின் அக்கரைக்கும் எட்டும் அந்தக் குரல் தியேட்டர் வாசலையே தூக்கியது.

"என்னது! அடுத்த பாகம் வருதா?"

படி முழுக்க இருந்த மஞ்சள் கோட்டுகள் அத்தனையும் ஒன்றாகத் திரும்பின. கீழ்வரியின் காதோரம் ஃபோன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா," என்றார் அக்கா, மிக மெதுவாக. "இப்பக் கத்தினது யாரு?"